எங்கே நடந்தது என்று கேட்டார்கள்

கழுகுமலை பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என் வலது கையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். பிறகு பொறுக்க முடியாமல், "என்னம்மா, தீக்காயமா?" என்று கேட்பார்கள். "கடலை மிட்டாய்" என்பேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் நான் சொல்வது உண்மை. இந்தக் கை ஒரு நாள் காலையில் கடலை மிட்டாய்க்குள் மாட்டிக்கொண்டது. அதன் பிறகு நடந்ததையெல்லாம் எழுதிக் கொடு என்று எங்கள் கம்பெனிப் பெண்கள் விடாமல் நச்சரிக்கிறார்கள். "ஆஸ்பத்திரி, ஆபீஸ் எல்லாம் நீதான் பாத்துட்டு வந்துருக்கே. நாளைக்கு எங்களுக்கு ஒண்ணுன்னா யார்ட்ட போய் கேக்க?" என்கிறார்கள். இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, ஆனால் விஷயம் நேரானது.

நான் வேலை பார்ப்பது கோவில்பட்டிக்கு வெளியே இருக்கும் ஒரு மிட்டாய் கம்பெனி. வெல்லப் பாகைப் பதமாகக் காய்ச்சி, வறுத்த கடலையைக் கொட்டிக் கிண்டி, சூடு ஆறுவதற்குள் மேஜையில் கொட்டுவார்கள். அதைத் தட்டையாகத் தேய்த்து வில்லை போடுகிற வரிசையில் நான் இருந்தேன். அன்றைக்குச் சட்டியைத் தூக்கி வந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. தரையில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், வழுக்குவது புதிதில்லை. சட்டி சாய்ந்து, கடலையும் பாகுமாக என் வலது கையின் மேல் கொட்டியது.

கொதிக்கிற தண்ணீர் பட்டால் வழிந்து போய்விடும். பாகு போகாது. தண்ணீரைவிட அதிகச் சூட்டில் காய்ந்து, பட்ட இடத்திலேயே ஒட்டி, அங்கேயே இருந்து வேகவைக்கும். இதைப் பின்னால் டாக்டர் எனக்கு விளக்கினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என் பக்கத்தில் வேலை பார்க்கிற முத்துமாரி அக்கா கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டே நின்றாள். தண்ணீர் பட்டதும் பாகு இறுகியது. விரல்கள் தெரியவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே ஒரு பெரிய கடலை மிட்டாய்தான் இருந்தது. அந்த வலியிலும் எனக்கு ஒரு நிமிஷம் சிரிப்பு வந்ததை முத்துமாரி அக்கா இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்தாளாம்.

ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே என் வீட்டுக்காரர் சண்முகத்துக்குப் போன் போனது. அவர் டிராக்டர் ஓட்டுகிறவர். உழுதுகொண்டிருந்த கரிசல் காட்டில் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, முழங்கால் வரைக்கும் அப்பிய மண்ணோடு ஓடி வந்தார். கூடவே என் நாத்தனார் செல்வி. அவள் தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீக்குச்சி செய்கிற கம்பெனியில், வேலை பார்க்கிறவள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்க நடந்துச்சு?"

ஆட்டோவில் வந்த நாலு பேரும் செல்வியைப் பார்த்தார்கள். செல்வி அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னார்: "வீட்டுலதான் சார். பண்டம் செய்ய பாகு காய்ச்சிக்கிட்டு இருந்தா. கை தவறிட்டு."

டாக்டர் ஒரு இடுக்கியை எடுத்தார். இறுகிய பாகிலிருந்து ஒரு கடலைப் பருப்பைப் பிடுங்கித் தட்டில் போட்டார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. தட்டு நிறைய ஆரம்பித்தது. "வீட்ல எத்தனை பேருக்குமா பண்டம்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சொன்னதை எழுதிக்கொண்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்களுக்கு யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. முதலாளி அன்றைக்கு ஊரிலேயே இல்லை, விருதுநகருக்குக் கடலை வாங்கப் போயிருந்தார். தீப்பெட்டியும் பட்டாசும் செய்து பிழைக்கிற எங்கள் பக்கத்தில், வேலை இடத்தில் அடிபட்டால் 'வீட்டில் நடந்தது' என்று சொல்வது பழகிப்போன ஒன்று. ஒரு தடவை செல்வி வேலை பார்த்த ஆபீசில் ஒருத்திக்குத் தீப்பட்டு, விசாரணை வந்து, கதவுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அந்தத் தெரு முழுக்க வீட்டில் சும்மா உட்கார்ந்தது. அதிலிருந்து எங்களுக்கெல்லாம் மனதில் பதிந்த பாடம் ஒன்றுதான்: உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் அடுப்பிலும் மண் விழும். கார்த்திகைக்கு முன்னால் மிட்டாய்க்கு நல்ல ஓட்டம் இருக்கிற நேரம். என் ஒரு கைக்காக எல்லோர் கையையும் கட்டிப்போடுவதா?

என்னிடம் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்ததால் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து, தோல் ஒட்டுகிற வசதி உள்ள இன்னொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர்களே சீட்டு எழுதி அனுப்பினார்கள். ஈ.எஸ்.ஐ. என்றால் எங்களுக்குத் தெரிந்தது, சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், காய்ச்சல் வந்தால் மாத்திரை தருவார்கள் என்பது மட்டும்தான். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அந்தச் சீட்டு செல்லும் என்று சண்முகம் நம்பவில்லை. என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பில் என்று யாராவது வாயைத் திறந்தால் உடனே அடகுக் கடைக்கு ஓடத் தயாராக இருந்தார்.

பிள்ளையை அம்மா பார்த்துக்கொண்டாள். முதல் சில நாட்கள் டிரெஸ்ஸிங் மாற்றுவதுதான் என் உலகம். டிராலி சக்கரம் நடையில் உருளும் சத்தம் கேட்டாலே போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். எங்கள் வார்டில் தீபாவளி வெடியும் அடுப்பும் சுட்டவர்கள் இருந்தார்கள். மிட்டாய் சுட்டவள் நான் ஒருத்திதான். அதனால் எல்லோரும் என்னிடம் பிரியமாக இருந்தார்கள். பயம் எனக்கு ஒன்றே ஒன்றுதான். விரல் போய்விடுமா? அதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். தோலுக்கு மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்று இருக்கிறது. மேலே மட்டும் வெந்தால் தானாக வளர்ந்துவிடும். எனக்குப் புறங்கையில் இரண்டும் போயிருந்தது. விதையில்லாத நிலம், அது தானாக முளைக்காது. அதனால் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து இங்கே ஒட்டுவார்கள். தொடை தன்னால் ஆறிவிடும். ஒட்டின தோலுக்குள் கையின் ரத்தக் குழாய்கள் புகுந்து அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ள வேண்டும்.

"எடுத்துக்கிடலைன்னா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கும். நாம அசைக்காம இருந்தா போதும்."

கட்டைப் பிரித்த அன்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டரம்மா பார்க்கச் சொன்னார். புறங்கையில் வலை மாதிரி கோடு கோடாக, பிறந்த குழந்தையின் காது நிறத்தில் தோல் பிடித்திருந்தது. என் தொடைத் தோல். ஒரு நாள்கூட வெயில் பார்க்காத தோல், கேள்வி கேட்காமல் கைக்கு வந்து வேலையில் சேர்ந்துவிட்டது. கோயில் சிலை பார்த்தால்கூட எனக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. நான் அழுதேன். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார், அவருக்கு இது தினப்படி வேலை.

சண்முகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊட்டிவிடுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் எந்தப் புருஷனும் நாலு நாள் செய்வான். இவர் எனக்குத் தலை பின்னிவிட்டார். டிராக்டருக்குக் கயிறு முறுக்குகிற பலத்தோடு முறுக்கி, நுனியில் ஒரு முடிச்சும் போடுவார். அவிழ்க்க சிஸ்டர்தான் வர வேண்டும். "ஏங்க, மாட்டைக் கட்டவா போறிய?" என்று கேட்டால், "அசையாம இருடி, பின்னல் கோணும்" என்பார். வார்டே சிரிக்கும். அவர் சிரிக்காமல் பின்னலின் அடுத்த காலைப் பிரிப்பார்.

முதலாளி அண்ணாச்சி ஒரு நாள் மத்தியானம் ஆப்பிளும் ரொட்டியுமாக வந்தார். நல்ல வேளை மிட்டாய் கொண்டுவரவில்லை. கையைப் பார்த்ததும் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டதும் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, வீட்டுல பாகு காய்ச்சினேன்னு சொல்லியிருக்கியளாமே? உனக்கு அடிபட்ட அன்னைக்கு ராத்திரி ஊர் திரும்புனதுமே, கம்பெனியில நடந்ததுன்னு நான் ஈ.எஸ்.ஐ.க்கு எழுதி அனுப்பிட்டேன். இப்ப அவிய போன் போட்டு, தொழிலாளி அப்படிச் சொல்லலியேங்காவ. நான் பொய் சொல்லுதேன்னு ஆயிட்டு."

சண்முகம்தான் பேசினார். "இருக்கட்டும் அண்ணாச்சி. உங்களுக்கு ஒரு கெடுதல் வரக் கூடாதுல்லா."

"எனக்கு என்னவே கெடுதல்? சொல்லலைன்னாதான் கெடுதல். மாசாமாசம் நான் என்னத்துக்குக் கட்டுதேன்? இதுக்குத்தானே?"

அவர் போன பிறகு சண்முகம் ரொட்டியைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "பெரிய மனுசன், வாயால அப்படித்தான் சொல்லுவாவ. அதுக்காக நாம காட்டிக் கொடுக்க முடியுமா?" எனக்கும் அப்போது அது சரி என்றே பட்டது. எங்களுக்கு நல்லது செய்ய வந்தவரை எங்களிடமிருந்தே காப்பாற்ற முடிவெடுத்தோம்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளும் வந்தது. சண்முகம் இடுப்பு முடிச்சைத் தடவிக்கொண்டே கவுண்ட்டருக்குப் போனார். முடிச்சை அவிழ்க்காமலே திரும்பி வந்தார். "எவ்வளவுங்க?" என்றேன். "கையெழுத்து மட்டும் போடச் சொன்னாவ" என்றார். "நல்லாக் கேட்டியளா?" "ரெண்டு தடவை கேட்டுட்டேன். அடுத்த ஆளுக்கு வழி விடுங்கங்காவ." இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தோம். இத்தனை நாள் மருந்து, ஆபரேஷன், கட்டில், சாப்பாடு. யார் கொடுத்தது? எங்கேயோ சூலூரிலும் ஓசூரிலும் மில்லில் நிற்கிற, எங்கள் முகம் பார்க்காத ஆட்கள் சம்பளத்திலிருந்தும் துளித்துளியாகப் போன காசு. காய்ச்சலே வராத வருஷங்களில் என் காசும் அப்படித்தான் யாருக்கோ போயிருக்கும். சங்கிலியை அவர் அந்த வராண்டாவிலேயே என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் எழுத வேண்டியதே இல்லை. காயம் ஆறியது, கை மடங்கவில்லை. ஒட்டின தோல் ஆறும்போது சுருங்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். சுருங்கி, நாலு விரலையும் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டது. கட்டை விரல் மட்டும் என் சொல் கேட்டது. ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலிருந்து எனக்கு விடுப்புப் பணம் வந்துகொண்டிருந்தது, ஆனால் சாதாரண நோய்க்கு உரியது. அது இத்தனை நாள்தான் என்று ஒரு கெடு உண்டு. கெடு நெருங்கியது. அதற்குப் பிறகு இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று நினைத்தால் சாப்பாடு இறங்காது. தேய்க்கிற வரிசைக்கு இரண்டு கையும் வேண்டும்.

அந்த நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். நரைத்த தலை, தோளில் தொங்கும் பை, பேச்சு மதுரைப் பக்கம். முதலில் கம்பெனிக்குப் போயிருக்கிறார். அண்ணாச்சி, இதோ இந்த மேஜை, இந்த இடம் என்று காட்டியிருக்கிறார். பிறகு அதிகாரி பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். ஒருத்தி மிச்சமில்லாமல் எல்லோரும் சாதித்துவிட்டார்கள். "இங்கன ஒண்ணும் நடக்கலையே சார்." முத்துமாரி அக்கா ஒரு படி மேலே போய், அன்றைக்கு நான் வேலைக்கே வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டாராம்.

அங்கிருந்து அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். சிரித்தார். "முதலாளி மறைப்பாரு, தொழிலாளி அழுவாங்க. அதைத்தான் இத்தனை வருஷமா பாத்துருக்கேன். இது என்னம்மா தலைகீழா இருக்கு?"

நான் கேட்டேன்: "உண்மையைச் சொன்னா சீல் வைப்பியளா?"

"நான் சீல் வைக்கிற ஆபீஸ் இல்லம்மா. தரை வழுக்குதுன்னா, அதைச் சரி பண்ணச் சொல்ல வேற ஆபீஸ் இருக்கு, அவங்க சொல்லுவாங்க. நான் உங்க கைக்காக வந்திருக்கேன்."

பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் சொன்னார். நோய் என்றால் சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது, கொஞ்ச நாளுக்கு. வேலையில் பட்ட காயம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு, குணமாகி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்கிறவரை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. காயம் ஆறியும் கை பழையபடி வரவில்லை என்றால், மருத்துவ போர்டு உட்கார்ந்து, சம்பாதிக்கிற சக்தியில் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கும். அந்த அளவுக்கு மாதாமாதம் பணம், உயிரோடு இருக்கிறவரை. வேறு வேலைக்குப் போனாலும் அது நிற்காது. தொழிலாளி வேலையில் இறந்தே போனால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வரும்.

"தப்பு யாரு மேலன்னு பாக்க மாட்டியளா?" என்று சண்முகம் கேட்டார்.

"தப்பு யாருதுன்னு இதுக்குக் கேக்கறதில்ல. வேலைல நடந்துச்சா இல்லையா, அது ஒண்ணுதான்."

என் கைக்கு இப்படி ஒரு வழியை, நான் பிறப்பதற்கு முன்னாலேயே யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள். கோவில்பட்டியில் ஒருத்தி மேல் பாகு கொட்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் இடம் வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் அந்த இடத்தில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தோம்.

"கம்பெனியிலதான் சார் நடந்துச்சு" என்றேன். சண்முகமும் தலையசைத்தார். மறுநாள் கம்பெனியில் எல்லோரும் தங்கள் பேச்சை மாற்றிச் சொல்ல வரிசையில் நின்றார்களாம். முத்துமாரி அக்காதான் முதல் ஆள்.

போர்டுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வருவதற்கு முன்னால், பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபி பெண் எனக்கு ஒரு விஷயம் சொன்னாள். தினமும் அவள் "கை எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பாள், நான் "நல்லாருக்கும்மா" என்பேன். ஒரு நாள் அவள் நான் அமுக்கிப் பழகுகிற பந்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். "அக்கா, போர்டுலயும் இதைத்தான் கேப்பாங்க. அங்கேயும் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்துறாதீங்க. நிறைய பேரு அப்படித்தான் சொல்லிட்டு வந்துர்றாங்க." நான் சிரித்தேன். டாக்டர் கேட்டால் நல்லாருக்கு என்று சொல்வதுதானே மரியாதை? அவர் இவ்வளவு பாடுபட்டிருக்கும்போது இல்லை என்று சொல்ல நாக்கு வருமா?

போர்டு அன்று நல்ல சேலை கட்டிக்கொண்டேன். சண்முகம் தலை பின்னிவிட்டார். அதற்குள் நன்றாகவே பழகிவிட்டார். உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டர்கள். வயதானவர் ஒருவர் என் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு மெதுவாக வைத்திருந்தார்.

"கை எப்படிமா இருக்கு?"

நல்லாருக்குய்யா என்பது தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினேன். இத்தனை மாதத்தில் அம்மாவிடம்கூட நான் சொல்லாததை, யாரென்றே தெரியாதவரிடம் சொன்னேன்.

"மடங்கலைய்யா. சோத்தைப் பிசைய முடியல. பிள்ளைக்குப் பொத்தான் போட முடியல. மிட்டாய் தேய்க்க இனிமே முடியாது."

சொல்லச் சொல்லக் கண்ணில் நீர் வழிந்தது. வெட்கமாக இருந்தது. அவர் கையை விடவில்லை. "மடக்குங்க, முடிஞ்ச வரைக்கும்" என்றார். மடக்கினேன். நான் சொன்னது சரிதானா என்று ஒவ்வொரு விரலாக அளவெடுத்துப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் எழுதினார்கள். என் கையில் எவ்வளவு போய்விட்டதோ அவ்வளவையும் அரசாங்கம் நம்பியது. உயிரோடு இருக்கிறவரை மாதாமாதம் உண்டு என்று அடுத்த மாதமே ஓலை வந்தது. வாசலில் நின்று சண்முகம் அதை எழுத்துக் கூட்டிப் படித்து, மடித்து, சங்கிலி முடிந்திருந்த அதே துண்டில் முடிந்துகொண்டார்.

இப்போது நான் கம்பெனியில் எடை பார்த்து லேபிள் ஒட்டுகிற இடத்தில் இருக்கிறேன். தரைக்குச் சொரசொரப்பான கல் போட்டுவிட்டார்கள். கதவுக்குச் சீல் விழவில்லை. போன வாரம் பாகுச் சட்டியைக் கழுவுகிற மாரியம்மாள் காலில் வெந்நீர் கொட்டிவிட்டது. ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன். அதே ஆஸ்பத்திரி, அதே அவசரப் பிரிவு, வேறு டாக்டர்.

"எங்க நடந்துச்சு?"

மாரியம்மாள் புருஷன் தலையைச் சொறிந்தான். "வீட்டு..." என்று ஆரம்பித்தான். என் வலது கையைத் தூக்கி, மடங்காத விரல்களோடு, மாரியம்மாள் தோளில் வைத்தேன். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"கம்பெனியில சார்," என்றாள். "வேலை நேரத்துலதான்."